பூட்டுத் தகட்டில் ஒரு பொட்டு

போன கிழமை ஆக்லாந்தில், சான்ட்ரிங்ஹாம் கடையொன்றில் சந்தனம் வாங்கப் போனேன். சரஸ்வதி பூசை நெருங்கினால் அந்தத் தெருவில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. மழை வேறு. கடையில் பணப்பெட்டியருகே நின்ற பெண் தமிழ்நாட்டுப் பிள்ளை, படிக்க வந்தவள், என்னைக் கண்டால் எப்போதும் வாய் நிறையப் பேசுவாள்.

"என்ன ஆன்ட்டி, சந்தனம் மட்டும் ரெண்டு பாக்கெட்? காருக்கு வைக்கவா?"

"இல்லைப் பிள்ளை, துப்பாக்கிக்கு."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு மிச்சக் காசை வாங்கிக்கொண்டு வந்தேன். உண்மையைச் சொன்னால் சிரிக்கிறார்கள், நான் என்ன செய்ய? கிளென் ஈடனில் என் வீட்டின் பின்னறையில், நிலத்தோடு ஆணியடித்து இறுக்கிய இரும்புப் பெட்டிக்குள், நூறு வயது தாண்டிய ஒரு வேட்டைத் துவக்கு இருக்கிறது. ஆயுதபூசைக்கு ஆயுதபூசை அதற்கு நான் பொட்டு வைக்கிறேன். எங்கள் ஆட்களின் வீடுகளில் அன்றைக்குக் கணினிக்கும் தையல் மெசினுக்கும் பொட்டு விழும். என் வீட்டில் உண்மையாகவே ஆயுதம் ஒன்று இருக்கிறது. யாருக்காவது மனவருத்தம் இருந்தால் அது அவரவர் பாடு.

நீங்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. இரண்டு விதமான ஆட்கள் முகம் சுளிப்பார்கள். யுத்தத்துக்குள்ளிருந்து ஓடிவந்தவளுக்குத் துவக்கு எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு வகை. பழைய துவக்குகளைச் சேர்ப்பவர்கள் மற்ற வகை. அவர்களுக்குத் துவக்கு வைத்திருப்பதில் குறையில்லை. ஈரச் சந்தனத்தைப் பழைய இரும்பில் பூசுவதைக் கேட்டால்தான் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். இந்த இரண்டாவது வகையில் நானும் ஒருத்தி. பழைய வேட்டைத் துவக்குகளைப் பார்த்து, இது அசல், இது ஒட்டுப்போட்டது, இது இவ்வளவு பெறும் என்று எழுதிக்கொடுப்பதுதான் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக என் பிழைப்பு. வெறுங்கையால் இரும்பைத் தொடாதே, வியர்வை பட்டாலே துரு என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிறவள் நான். என் வீட்டுத் துவக்கை யாராவது என்னிடம் மதிப்பீட்டுக்குக் கொண்டுவந்தால் அவரைத் திட்டித் தீர்ப்பேன்.

சந்தனத்தைக் குழைக்கும்போது வரும் வாசத்தில் எனக்கு முதலில் நினைவு வருவது கோயில் இல்லை, அப்பாவின் துவக்கு. வன்னியில் எங்களுக்கு வயல் இருந்தது. வயல் இருந்தால் பன்றி வரும், பன்றி வந்தால் துவக்கு வேண்டும். ஒற்றைக் குழல் துவக்கு, முறையான அனுமதிப் பத்திரத்தோடு. அப்பா அதனால் பன்றி சுட்டதை நான் கண்டதில்லை. வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைப்பார், பன்றிகள் பக்கத்து வயலுக்குப் போகும், அடுத்த நாள் பக்கத்து வயல்காரர் வந்து சண்டை பிடிப்பார். இதுதான் எங்கள் வேட்டை. ஆயுதபூசையன்று மண்வெட்டி, அரிவாள், என்னுடைய கணக்குக் கொப்பி எல்லாவற்றுக்கும் பக்கத்தில் துவக்கையும் சாத்திவைத்து, மூன்று விரலால் திருநீற்றுக் குறி இழுத்து, நடுவில் சந்தனமும் குங்குமமும் வைப்பார். அடுத்த நாள்தான் எடுக்கலாம். அதுவரை ஈரம் இரும்பில் ஊறிக்கொண்டே இருக்கும்.

அம்மா ஒவ்வொரு வருடமும் சொல்லுவா: "உது துருப் பிடிக்கப் போகுது."

அப்பாவும் ஒவ்வொரு வருடமும் சொல்லுவார்: "பிடிக்கட்டும்."

பிடித்தது. விரல் நுனி அளவில் ஒரு வட்டமும், அதற்குக் குறுக்கே மூன்று கோடுகளும். எவ்வளவு எண்ணெய் போட்டாலும் போகவில்லை. பிறகு ஒரு நாள், அனுமதி உள்ள துவக்கோ இல்லாத துவக்கோ, எல்லாவற்றையும் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று அறிவித்தல் வந்தது. அறிவித்தவர்கள் யார் என்று என்னிடம் கேட்காதீர்கள். எங்கள் பக்கத்தில் துவக்கைக் கேட்டு வந்தவர்கள் ஒரு தரப்பு மட்டுமில்லை. அப்பா சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பி வரும்போது சட்டைப் பையில் ஒரு கடதாசித் துண்டு இருந்தது. பெற்றுக்கொண்டோம், நிலைமை சீரானதும் திருப்பித் தரப்படும் என்று நாவல் நிற மையில் எழுதியிருந்தது. அந்தத் துண்டை அவர் சாகும்வரை பத்திரப்படுத்தினார். காணி உறுதிகளோடு உறுதியாக அதுவும் கிடந்தது. இப்போது என்னிடம் இருக்கிறது.

இந்தப் பின்னணியோடு ஆக்லாந்துக்கு வந்து இறங்கியவள் துவக்குகளுக்கு மார்க் போடும் ஆளானது எப்படி என்று கேட்டால், ஒரு சட்டியால் என்றுதான் சொல்ல வேண்டும்.

வந்த புதிதில் நகரத்துக்கு அண்மையில் ஓர் ஏலக் கம்பனியில் தட்டெழுத்து வேலை கிடைத்தது. செத்துப்போனவர்களின் வீட்டுச் சாமான்கள் பெட்டி பெட்டியாக வரும். தேநீர்க் கோப்பை, பதக்கம், மான்கொம்பு, துவக்கு. அவற்றின் விவரத்தை மதிப்பீட்டாளர்கள் சொல்லச் சொல்ல நான் பட்டியல் அடிப்பேன். கம்பனியின் துவக்குப் பகுதிக்குப் பொறுப்பு பேரி. என் வயதுதான் இருக்கும். சிவந்த காது, கழுத்துப் பட்டியில் எப்போதும் எண்ணெய்க் கறை, ஒரு வசனத்தைக்கூட முடிக்காமல் அடுத்ததற்குப் போகும் மனிதர்.

வேலையில் சேர்ந்த முதல் மாதமே நான் ஒரு பெரிய காரியம் செய்தேன். வேட்டைக்காரர்கள் வெடிமருந்துத் தூள் கொண்டுபோகும் பழைய பித்தளைக் குடுவை ஒன்று மேசையில் கிடந்தது. கறுத்து, களிம்பேறி, பார்க்கச் சகிக்கவில்லை. பாவம், விற்கிற சாமான், கொஞ்சம் முகம் கழுவிவிடுவோம் என்று நினைத்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் புளிக்குழம்பு கொண்டுபோயிருந்தேன், குழம்பில் மிஞ்சிய புளி வீட்டில் இருந்தது. அடுத்த நாள் அதைக் கொண்டுவந்து, உப்பும் சேர்த்து, சமையலறைத் தொட்டியில் வைத்துத் தேய் தேயென்று தேய்த்தேன். விசேடத்துக்கு முதல் நாள் குத்துவிளக்கு மினுக்குவதில் எங்கள் வீட்டில் என்னை மிஞ்ச ஆளில்லை. தங்கம் மாதிரிப் பளபளத்தது. பெருமையாகக் கொண்டுபோய்ப் பேரியின் மேசையில் வைத்தேன்.

அந்த மனிதர் தொப்பென்று கதிரையில் இருந்துவிட்டார். நூற்றைம்பது வருட நிறத்தை அரை மணித்தியாலத்தில் கழுவி ஊற்றிவிட்டேன் என்பது எனக்கு அப்போது தெரியாது. கத்தவில்லை. மெதுவாகச் சொன்னார், அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "அந்த அழுக்குத்தான் சரித்திரம். யார் தொட்டார்கள், எங்கே வைத்தார்கள், எல்லாம் அதில்தான் இருக்கிறது. இனிமேல் எதையும் சுத்தம் செய்யாதே. எதையும்." நான் தலையை ஆட்டினேன். அந்த வசனத்தை மறக்கவேயில்லை. பின்னால் அதே வசனத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

சட்டியைச் சொல்ல வந்தேன். ஒரு நாள் பேரியும் இன்னொருவரும் ஓர் இரட்டைக் குழலை வைத்துக்கொண்டு வாக்குவாதப்பட்டார்கள். இரண்டு குழலையும் சேர்த்து ஒட்டியிருக்கும் பற்றாசு விட்டிருக்கிறதா இல்லையா என்பது பிரச்சினை. கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள், விளக்கடித்துப் பார்க்கிறார்கள். சந்தையில் மண்சட்டி வாங்கும்போது எங்கள் அம்மாமார் என்ன செய்வார்கள்? கழுத்தில் தூக்கிப் பிடித்து விரலால் ஒரு தட்டு. நல்ல சட்டி கணீரென்னும், கீறல் விழுந்தது பொத்தென்னும். நான் கேட்காமல் கொள்ளாமல் குழலைத் தூக்கி, ஒரு விரலில் தொங்கவிட்டு, நகத்தால் தட்டினேன். பொத். "விட்டுப் போச்சு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். மொழி விளங்காவிட்டாலும் விஷயம் விளங்கியது. அடுத்த கிழமையே என் மேசை துவக்கு அறைக்குப் போனது.

அந்த அறையை நான் காதலித்தேன் என்று சொன்னால் மிகையில்லை. எனக்குத் துவக்கு என்றால் குழல் வாய்தான். அப்பாவுடையதை விட்டால், எப்போதும் அதை எதிர்ப்பக்கத்திலிருந்தே பார்த்தவள் நான். சோதனைச் சாவடியில், வீதியில், வீட்டுப் படலையில். இங்கே முதல்முறையாக அதைப் பின்பக்கத்திலிருந்து பார்த்தேன். உடைத்துத் திறந்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, உள்ளே சுருள் சுருளாக ஓடும் வரிகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பேன். திருகாணித் தலைகளைப் பார்ப்பேன், தலை சிதைந்திருந்தால் யாரோ தெரியாதவன் கை வைத்திருக்கிறான். குழலில் ஓர் எண்ணும் தோளில் அணைக்கும் மரக்கட்டையில் வேறோர் எண்ணும் இருந்தால் கலப்படம். பிறகு பேனையை எடுத்து, சுமார், பழுது, கவனமின்மை என்று எழுதுவேன். என்னைப் பயமுறுத்திய சாமானுக்கு நான் மார்க் போட்டேன், குறைத்தும் போட்டேன். அதில் எனக்கு இருந்த திருப்தியை மறைக்கப் போவதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஹெலன் வந்தா. அறுபது வயதிருக்கும், பக்குரங்காவில் வீடு. தாத்தாவின் சாமான்களை விற்க வேண்டும் என்று ஒரு நீளப் பெட்டியோடு வந்திருந்தா. தாத்தா சிலோனில், மலைநாட்டில், தேயிலைத் தோட்டத்துத் துரையாக இருந்தவராம். பெட்டிக்குள் ஒரு கூட்டுத் துவக்கு. அந்த இனத்தைக் கேப் கன் என்பார்கள். பார்க்க இரட்டைக் குழல், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. வலக்குழல் வழுவழுப்பு, சன்னம் போட்டுப் பறவைக்கு. இடக்குழலுக்குள் சுருள் வரி, ஒற்றைக் குண்டு போட்டு மானுக்கோ மரைக்கோ. காட்டில் என்ன எதிர்ப்படும் என்று தெரியாதவனுக்காகச் செய்தது. பின்னால் இரண்டு சுத்தியல், இரு பக்கமும் இரண்டு பூட்டுத் தகடு. சுத்தியலை இயக்கும் வில்லும் கொக்கியும் அந்தத் தகட்டுக்குப் பின்னால்தான் இருக்கும்.

குழலைத் தட்டினேன், கணீரென்றது. எண்கள் எல்லாம் பொருந்தின. கட்டையில் வால்நட் மரத்தின் ரேகை தெளிவாக ஓடியது. அடிப்பக்கத்தில் மட்டும் நான்கைந்து பள்ளம்.

"அது ரூஃபஸ். தாத்தாவின் நாய். குட்டியாக இருந்தபோது கடித்தது" என்று ஹெலன் சிரித்தா.

பேரியும் சிரித்தார். அதை அப்படியே எழுது, வாங்குகிறவர்களுக்கு இப்படிக் கதை பிடிக்கும் என்றார். நாயின் பல் தடம், பெயரோடு பட்டியலில் ஏறியது.

இடப் பக்கப் பூட்டுத் தகட்டில் பூவேலைக்கு நடுவே ஒரு வட்டத் துரு. விரல் நுனி அளவு. பேரி அதைக் கண்டதும் உச்சுக் கொட்டினார். "இதைத் தேய்த்து எடுத்து, நிறம் பூசிவிட வேண்டும். பட்டறைக்கு அனுப்புவோம். ஈரக் கோப்பை ஏதோ வைத்திருக்கிறார்கள்."

கோப்பையாவது கத்தரிக்காயாவது. நான் மேசை விளக்கைச் சரித்தேன். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும் வட்டத்துக்குக் குறுக்கே மூன்று மெல்லிய கோடுகள் எழும்பின. மூன்று விரல். சொல்லிவிடுகிறேன், அது என் அப்பாவின் துவக்கு இல்லை. கதையென்றால் அது அப்பாவின் துவக்காகத்தான் இருந்திருக்கும். இது வேறு துவக்கு, வேறு மலை, வேறு மனிதன். ஆனால் அந்தக் குறியை நான் எங்கே கண்டாலும் அறிவேன்.

ஹெலனிடம் கேட்டேன், உங்கள் தாத்தாவோடு இதைத் தூக்கிக்கொண்டு போனவர் யார் என்று. அப்படி ஒருவர் இருந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று அவவுக்கு ஆச்சரியம். குழலின் நுனிப் பக்கத்தில் நீலப்பூச்சு தேய்ந்திருந்தது. சுடுகிறவன் அங்கே பிடிக்கமாட்டான். தோளில் போட்டு, கட்டை பின்னால் இருக்க, குழலைப் பிடித்துக்கொண்டு மைல் கணக்காக நடந்தவன்தான் அங்கே பிடிப்பான். வருடக்கணக்காக ஒரே இடத்தில் ஒரே கை.

"ஒரு தோட்டத்து ஆள் கூடப் போவார் என்று அம்மா சொல்லுவா. பெயர் தெரியாது" என்றா.

நாயின் பெயர் தெரிந்தது. அந்த மனிதனின் பெயர் தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. கோபம் முழுவதும் ஹெலன் மேலேயே என்றும் சொல்ல முடியாது. கலவரத்தில் அடிபட்டு மலைநாட்டிலிருந்து வந்து எங்கள் வயலில் வேலை செய்த குடும்பம் ஒன்று இருந்தது. அந்தத் தகப்பனை நாங்கள் எல்லோரும் "மலைநாட்டான்" என்றுதான் கூப்பிட்டோம். அவருடைய பெயரை நானும் கேட்டதில்லை. அன்றைக்கு விளக்கின் கீழே அந்த வெட்கமும் சேர்ந்துதான் எரிந்தது.

ஹெலன் போனதும் பேரியிடம் சொன்னேன், இதைத் தேய்க்கக் கூடாது என்று. ஆயுதபூசை என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் காதைச் சொறிந்துகொண்டு கேட்டார். கேட்டுவிட்டு, "சுவாரசியம்தான். ஆனாலும் அது துரு" என்றார்.

"நாயின் பல்லு?"

"அது சரித்திரம்."

"அப்ப இது?"

"அது பழுது."

எனக்குப் புளி போட்டுத் தேய்த்த குடுவை நினைவு வந்தது. "யார் தொட்டார்கள் என்பது அழுக்கில் இருக்கிறது, எதையும் சுத்தம் செய்யாதே என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? எதையும் என்று இரண்டு தரம் சொன்னீர்கள். எங்கள் ஆள் தொட்டால் மட்டும் அது கணக்கில் வராதோ?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து அறையில் கோப்பை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் கடும் முகத்தோடு சொன்னார், வியாழக்கிழமை பட்டறைக்குப் போகிறது, நிலை அறிக்கையை மாற்றி எழுதிக் கையொப்பம் வை என்று. நான் வைக்கமாட்டேன் என்றேன். துவக்கின் நிலை பற்றிய அறிக்கையில் பரிசோதித்தவரின் கையொப்பம் இல்லாமல் எதுவும் பட்டியலில் ஏறாது. பரிசோதித்தவள் நான். வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. இவர், அதாவது என் வீட்டுக்காரர், அப்போது தான் படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல் டாக்சி ஓடிக்கொண்டிருந்தார். எல்லாம் தெரிந்துகொண்டுதான் வைக்கமாட்டேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது இவர் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உமக்கென்ன விசரே? ஆரோ ஒருத்தன் வைச்ச பொட்டுக்காக வேலையை விடப் போறீரோ?"

"ஓம்."

"துவக்கு வேண்டாமெண்டுதானே இஞ்ச வந்தனாங்கள்?"

"துவக்குக்காக இல்லை. அந்த ஆள் இருந்தவன் எண்டதுக்கு அது ஒண்டுதான் மிச்சம். அதையும் தேய்க்கச் சொல்லிக் கையெழுத்து வைக்கட்டே?"

இவர் கோப்பையைத் திரும்ப எடுத்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "சரி, வைக்காதையும்" என்றார். அதற்குமேல் அந்த மனிதரிடம் நான் எதையும் எதிர்பார்த்ததில்லை.

புதன்கிழமை நான் அறிக்கையை இப்படி எழுதிக் கையொப்பமிட்டேன்: இடப் பூட்டுத் தகட்டில் திருநீற்றுக் குறியும் பொட்டும், துவக்கைச் சுமந்த தமிழரால் ஆயுதபூசையில் வைக்கப்பட்டவை, பெயர் பதியப்படவில்லை. சுத்தம் செய்யக் கூடாது. பேரி வாசித்தார். கிழிப்பார் என்று நினைத்தேன். அச்சகத்துக்கு அன்று பின்னேரமே போக வேண்டும், கிழித்தால் வேறு பரிசோதனை, வேறு அறிக்கை. ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு அப்படியே அச்சுக்குப் போகும் தட்டில் போட்டார். நியாயம் வென்றது என்று சொல்ல ஆசைதான். அச்சகத்தின் அவசரம் வென்றது.

ஏலத்தில் அது விலைபோகவில்லை. ஏலம் கூறும் சுத்தியல்காரர் என் வரியை வாசித்தபோது சபையில் சிரிப்பு எழுந்தது. குறைந்தபட்ச விலைக்குக்கூட ஒரு கை உயரவில்லை. பேரி என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. ஹெலனை நான் விளக்கடிக்குக் கூட்டிப்போய்க் கோடுகளைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தா. மனம் மாறி அழுதா என்று நினைக்காதீர்கள். "உனக்கு இவ்வளவு பிடித்திருந்தால் நீயே வாங்கேன்" என்றா எரிச்சலோடு. வாங்கினேன். தண்டனையாகப் பேரி என்னை மூன்று மாதம் கோப்பை எண்ணப் போட்டார். நாலாம் மாதம் தட்டிப் பார்க்கக் குழல்கள் சேர்ந்துவிட்டன, வந்து கூப்பிட்டார். நானும் போனேன், மன்னிப்புக் கேட்காமல்.

துவக்கு உரிமத்துக்கு என்னை வீட்டில் வந்து விசாரித்த உத்தியோகத்தர் நல்ல மனிதர். இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்தார், உழுந்துவடை மூன்று சாப்பிட்டார். வேட்டைக்குப் போவீர்களா என்றார், இல்லை. இலக்குச் சுடப் போவீர்களா, இல்லை. தோட்டா? ஒன்றும் இல்லை. பிறகு எதற்கு என்றார். "யாரும் இதை மினுக்காமல் பார்த்துக்கொள்ள" என்றேன். அதை அவர் படிவத்தில் எப்படி எழுதினாரோ தெரியாது. இவரைத் தனியாக வைத்து, மனைவி கையில் துவக்கு இருப்பதில் உங்களுக்குப் பயமில்லையா என்று கேட்டிருக்கிறார். "துவக்குக்குப் பயமில்லை" என்றாராம் இவர். மிச்சத்தைச் சொல்லாமல் விட்டதால்தான் உரிமம் கிடைத்தது என்று கடைசிவரை சொல்லிச் சிரித்தார்.

கோயிலில் கதை பரவியது. ஒரு பெண்மணி தன் பிள்ளைகளை என் மகள் மாதுரியின் பிறந்தநாளுக்கு அனுப்பவில்லை. "அவ துவக்கெல்லோ வைச்சிருக்கிறா" என்று என் காதுபடச் சொன்னா. அந்த வருடம்தான் முதன்முதலாக அந்தத் துவக்குக்கு நானே பொட்டு வைத்தேன். பழைய வட்டத்தின் மேலேயே, விரலை அதே இடத்தில் வைத்து. கோபத்தில் வைத்தேனா பக்தியில் வைத்தேனா என்று கேட்டால் தெரியாது. பிறகு ஒரு வருடமும் தவறவில்லை.

இப்போது ஏலக் கம்பனி இல்லை, அந்த இடத்தில் கண்ணாடி மாடிவீடுகள். பேரி இல்லை. ஹெலன் இல்லை. இவரும் போய் நாலு வருடமாகிறது. துவக்குச் சட்டங்கள் இறுகிய பிறகு, ஒரு கைக்கு அடங்காத கூட்டமாக இருந்த சேகரிப்பாளர்கள் ஒவ்வொருவராக விற்றுவிட்டு மீன்பிடிக்கப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களில் ஒருவர் போன மாதம் மின்னஞ்சல் போட்டார். அந்தக் கேப் கன் இன்று மிக அரிதாம், தகட்டில் உள்ள பழுதைத் தானே சரிசெய்துகொள்வாராம், நல்ல விலை தருவாராம். பழுது என்ற சொல்லைக் கண்டதும் மின்னஞ்சலை மூடிவிட்டேன். ஆனால் என் கணினியில் அதைக் கண்ட மாதுரி விற்கும் பேச்சை மூடவில்லை. அவள் இப்போது பக்குரங்காவில், இரண்டு பிள்ளைகளோடு. நான் அவளோடு வந்து இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். துவக்கோடு வரக்கூடாது என்றும் நிற்கிறாள்.

நேற்றுக் காலை பூசைக்கு வந்தாள். துவக்கைப் பெட்டியிலிருந்து எடுத்து வெள்ளைத் துணியில் கிடத்தியிருந்தேன். அவளுக்கு ஒரு சாமான் காட்ட வேண்டும் என்று சொல்லி, சாமியறைத் தட்டிலிருந்து அப்பாவின் கடதாசித் துண்டை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்துக்குப் பிடித்தும் பார்த்தாள்.

"அம்மா, தேர்'ஸ் நதிங் ஆன் இட்."

"ஓம். ஒண்டும் இல்லை."

நாவல் நிற மை எப்போதோ வெளிறிவிட்டது. யார் பெற்றுக்கொண்டார்கள், எதைப் பெற்றுக்கொண்டார்கள், எப்போது திருப்பித் தருவார்கள், ஒரு சொல்கூட இல்லை. பத்திரமாகக் காப்பாற்றிய கடதாசி அது. அதற்குப் பக்கத்தில் இந்த இரும்பில் ஒரு மனிதன் வருடத்துக்கு ஒரு தரம் வைத்து அடுத்த நாள் துடைத்த குறி அப்படியே கிடக்கிறது. அவளுக்கு நான் எதையும் விளக்கவில்லை. விளக்கைச் சரித்து மூன்று கோடுகளை மட்டும் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள், விரலை நீட்டினாள், தொடாமல் எடுத்துக்கொண்டாள். வெறுங்கையால் தொடக்கூடாது என்று சின்ன வயதிலிருந்தே நான்தானே சொல்லிவைத்தவள்.

"ஹூ வாஸ் ஹி?"

"தெரியாது. இருந்தவன்."

மாதுரி விற்கும் கதையை எடுக்கவில்லை. நான் அவளுடைய கையைப் பிடித்து, மூன்று விரலிலும் ஈரத் திருநீற்றைத் தொட்டுக் கொடுத்தேன். பிறகு சந்தனம், குங்குமம். தகட்டின் மேல் கை நின்றது. என் மகள் எல்லாவற்றிலும் புத்திசாலி, பொருளின் விலை அறிந்தவள்.

"அம்மா, இட்'ஸ் கோயிங் டு ரஸ்ட்."

"பிடிக்கட்டும்" என்றேன்.